லிஸ்ட் வருது... வந்துகிட்டே இருக்கு!

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலை. எது என்று கேட்காதீர்கள். எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம். அதன் ஸ்டோர்ஸில் ஓர் இளைஞர். கள்ளிக்குப்பத்திலிருந்து பைக்கில் கிளம்பி, செங்குன்றம் ரோட்டு டிராஃபிக்கில் நீந்தி, ஒன்பது மணிக்கெல்லாம் ஸீட்டில் உட்கார்ந்துவிட்டவர். வாசலில் லாரி நிற்கிறது. டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டுகிறார்.

“என்ன சார், கேட் பாஸ் ஆச்சா?”

“ஒரே நிமிஷம்ணே. லிஸ்ட் வந்துகிட்டே இருக்கு.”

போல்ட், நட், வாஷர், பேரிங், சர்க்ளிப் என்று ஸ்டாக் லிஸ்டில் 50,000 அயிட்டம். நம்மவருக்கு வேண்டியது அதில் ஒன்றே ஒன்று. ஆனால் சாஃப்ட்வேர் அய்யா என்ன செய்கிறார்? “முதல்ல அம்பதாயிரத்தையும் எடுத்து அடுக்கிடறேன், அப்புறம் நீ கேளு” என்று பிடிவாதம் பிடிக்கிறார். ஸ்க்ரீன் வெள்ளையாக நிற்கிறது. அந்தக் காலத்தில் இந்த இடத்தில் மணல் கடிகாரம் வரும். 2007-ல் விண்டோஸ் விஸ்டா வந்த பிறகு நீல வளையம் சுற்றுகிறது. சின்னம் மாறியதே தவிர, காத்திருப்பு மாறவில்லை!

அப்போது பார்த்து மேனேஜர் அந்தப் பக்கம் வருவார். “என்னப்பா, ஒரு கேட் பாஸுக்கு இவ்வளவு நேரமா? நீ ரொம்ப ஸ்லோ!”

ஸ்லோ சாஃப்ட்வேர்; பேர் வாங்குவது ஆள். இந்த அநியாயத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பதினைந்து நாள் போச்சு!

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். லிஸ்டில் ஒரு வரியைத் தயார் செய்ய ஒரு மில்லி செகண்ட், அதாவது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்டால் ஒன்றுமே இல்லாத மாதிரிதான் இருக்கும். 50,000 வரிக்கு? ஐம்பது செகண்ட்!

ஒரு நாளைக்கு முப்பது தடவை அந்த லிஸ்டைத் திறந்தால் 25 நிமிஷம். மாதம் 25 வேலை நாள் என்றால் பத்து மணி நேரம் 25 நிமிஷம். வருஷத்துக்கு 125 மணி நேரம். எட்டு மணி நேர ஷிஃப்டில் பதினைந்து நாளுக்கு மேல். பல கம்பெனிகளில் கேஷுவல் லீவே அத்தனை கிடையாது!

மனுஷனுடைய பொறுமைக்கும் அளவு பார்த்திருக்கிறார்கள். 1968-ல் ராபர்ட் மில்லர் என்ற ஆராய்ச்சியாளர் கம்ப்யூட்டர் எவ்வளவு நேரத்துக்குள் பதில் சொல்லவேண்டும் என்று எழுதினார். அந்த அளவுகளை ஜேக்கப் நீல்சன் 1993-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் மூன்று எண்களில் சொன்னார். பத்தில் ஒரு நொடிக்குள் பதில் வந்தால் ‘உடனே நடந்தது’ என்று மனசு நினைக்கும். ஒரு நொடி வரை ஆனால் தாமதம் தெரியும், யோசனை அறுந்துபோகாது. பத்து நொடியைத் தாண்டினால் அவ்வளவுதான். ஆள் செல்போனை எடுத்துவிடுவார், அல்லது டீ குடிக்கப் போய்விடுவார்.

கம்ப்யூட்டர் எவ்வளவோ வேகமாகிவிட்டது. இந்த மூன்று எண்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. நம் மூளைக்கு இன்னும் புது மாடல் வரவில்லையே!

பந்தி ரகசியம்

சரி, இதற்கு என்ன வழி? “புது கம்ப்யூட்டர் வாங்குங்க சார்” என்பார் விற்க வருகிறவர். மேனேஜருக்கும் அது சுலபமாகப் புரியும். ஆனால் நோய் பெரும்பாலும் அங்கே இல்லை. இரண்டு மடங்கு வேகமான மெஷின் வாங்கினால் ஐம்பது செகண்ட் இருபத்தைந்து ஆகும். லாரிக்காரர் அப்போதும் ஹார்ன் அடிப்பார்.

மருந்து, நம்மூர்க் கல்யாண மண்டபத்தில் இருக்கிறது.

கல்யாணத்துக்கு ஆயிரம் பேர் வருகிறார்கள். சாப்பாட்டு ஹாலில் ஆயிரம் நாற்காலியா போடுகிறோம்? இருநூறுதான். ஒரு பந்தி எழுந்ததும், இலையை எடுத்துவிட்டு அதே நாற்காலியில் அடுத்த பந்தி. ஐந்து பந்தியில் ஆயிரம் பேரும் சாப்பிட்டாகிவிடும். நாற்காலி அதேதான், ஆள்தான் வேறு.

லிஸ்டும் அப்படித்தான். உங்கள் மானிட்டரில் ஒரே சமயத்தில் தெரிவது முப்பது வரி. மீதி 49,970 வரி கண்ணுக்கே தெரியாது. தெரியாத வரிக்கு எதற்கு இலை போடவேண்டும்? முப்பது வரிக்கு மட்டும் கட்டம் தயார் செய்தால் போதும். நீங்கள் ஸ்க்ரோல் பண்ணும்போது மேலே மறைகிற கட்டத்தை எடுத்து, பழைய எழுத்தைத் துடைத்துவிட்டு, கீழே புது வரிக்குக் கொடுத்துவிடலாம். நம் கணக்குப்படி ஐம்பது செகண்ட் வேலை, நொடியில் நூறில் மூன்று பங்காகச் சுருங்கிவிடும். நீல்சன் சொன்ன பத்தில் ஒரு நொடிக்கும் கீழே!

இன்னொரு விஷயம். பந்தியில் நீங்கள் பாயசத்துக்கு வருவதற்குள் நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றுகொள்வார், பார்த்திருப்பீர்கள். நமக்கு எரிச்சல்தான். ஆனால் லிஸ்டில் அது நல்ல ஏற்பாடு. திரைக்கு மேலே பத்து வரி, கீழே பத்து வரி ரெடியாக நின்றால் ஸ்க்ரோல் பண்ணும்போது வெள்ளைத் திட்டு தெரியாது.

இது நேற்று முளைத்த உத்தி இல்லை. 1996-ல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 3 வந்தபோதே, அதோடு சேர்ந்து விண்டோஸுக்கு இந்தப் ‘பந்தி’ லிஸ்ட் வந்துவிட்டது. ‘விர்ச்சுவல் லிஸ்ட்’ என்று பெயர். “மொத்தம் எத்தனை வரி என்று மட்டும் சொல்லு. எந்த வரி திரையில் தெரியப்போகிறதோ அதை நானே கேட்டு வாங்கிக்கொள்கிறேன்” என்று சொல்கிற லிஸ்ட் அது. 2005-ல் டாட்நெட் 2.0 வழியாக இதைப் பயன்படுத்துவது இன்னும் சுலபமானது. 2008-ல் ஐபோன் புரோகிராம்களுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் கட்டத்தைத் திரும்பப் பயன்படுத்துகிற வழி கிடைத்தது. 2014-ல் ஆண்ட்ராய்டில் ‘ரீசைக்ளர் வியூ’ என்று பேரிலேயே அதைப் போட்டுவிட்டார்கள். லினக்ஸ் பக்கம் பலர் பயன்படுத்தும் ஜி.டி.கே. என்ற கருவிப்பெட்டி, 2020 டிசம்பரில் வந்த நான்காம் பதிப்பில் தன் லிஸ்டைப் புதிதாக எழுதி இதே வழிக்கு வந்தது.

செல்போனில் நூற்றுக்கணக்கான வாட்ஸ்அப் மெசேஜை நீங்கள் சர்ரென்று தள்ளிப் பார்ப்பதெல்லாம் இந்தப் பந்தி முறையின் புண்ணியம். உள்ளங்கையில் இருக்கிற போன் அதைச் செய்கிறது. மேஜை மேலே இருக்கிற கம்ப்யூட்டர் முழி பிதுங்குகிறது என்றால் குறை யாரிடம்?

புரோகிராமர் தம்பிகளே, கொஞ்சம் வாங்க!

இதைப் படிப்பவர்களில் பாதிப் பேராவது சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போகிறவர்களாக இருப்பீர்கள். அல்லது போக ஆசைப்படுகிறவர்கள். உங்களுக்காக, லிஸ்டை ஆமையாக்கும் நாலு வில்லன்கள்:

*முதல் வில்லன்: ஒவ்வொரு வரிக்கும் ஒரு தரம் திரையை வரைவது.* வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது ஒவ்வொரு செங்கல்லுக்கும் ஒரு தடவை வாசலுக்கு ஓடி வந்து “எப்படி இருக்கு?” என்று பார்ப்போமா? வரிகளைச் சேர்க்கத் தொடங்கும்போது “கொஞ்சம் வரையாதே” என்று லிஸ்டிடம் சொல்லிவிட்டு, எல்லாம் சேர்ந்ததும் “இப்போ வரை” என்று சொல்ல வழி இருக்கிறது. அதைவிட நல்லது, லிஸ்டைத் தகவலிலிருந்து கழற்றிவிட்டு, தகவலை முழுக்க நிரப்பி, பிறகு மாட்டுவது.

*இரண்டாம் வில்லன்: சேர்க்கும்போதே வரிசைப்படுத்துவது.* ‘ஸார்ட்’ சுவிட்சை ஆன் பண்ணிவிட்டு 50,000 பெயரை ஒவ்வொன்றாகப் போட்டால், ஒவ்வொரு பெயருக்கும் இடம் தேடி மற்றவர்களை நகர்த்தவேண்டும். பஸ்ஸில் ஒவ்வொருவர் ஏறும்போதும் எல்லாரையும் எழுப்பி உயரப்படி உட்காரச் சொல்வது போல. முதலில் எல்லாரும் ஏறட்டும். கடைசியில் ஒரே தடவை வரிசைப்படுத்துங்கள்.

*மூன்றாம் வில்லன்: ஒரே ஆளே எல்லா வேலையும் பார்ப்பது.* திரையை வரைவதும், மவுஸ் கிளிக்கைக் கேட்பதும் ஒரே இழையின் வேலை. அதையே டேட்டாபேஸுக்கும் அனுப்பினால், கல்லாவில் இருப்பவர் மாவாட்டவும் போன கதை. வாசலில் கஸ்டமர் கத்துவார், கேட்க ஆளிருக்காது. ஐந்து செகண்ட் பதில் இல்லையென்றால் விண்டோஸ் தலைப்பில் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று எழுதிவிடும். பாவம், நம்ம ஆள் பயந்துபோய் டாஸ்க் மேனேஜரைத் திறந்து கழுத்தை நெரித்துவிடுவார். சேமிக்காத பில் எல்லாம் கோவிந்தா! தகவலைப் படிப்பதற்குப் பின்னணியில் வேறு இழை வையுங்கள். அது இருநூறு, முந்நூறு வரியாகக் கொண்டுவந்து கொடுக்கட்டும். முதல் கொத்து வந்ததும் திரையில் காட்டிவிடுங்கள்.

*நாலாம் வில்லன்: உயரம் அளப்பது.* ஒவ்வொரு வரிக்கும் ஒவ்வோர் உயரம் என்றால், ஸ்க்ரோல் பாரின் நீளம் கண்டுபிடிக்கவே எல்லா வரியையும் அளந்து தீரவேண்டும். எல்லாம் ஒரே உயரம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஒரே ஒரு பெருக்கலில் வேலை முடிந்தது.

இன்னொன்று. நீங்கள் புரோகிராம் எழுதுவது புத்தம்புது லேப்டாப்பில், முப்பது வரி சாம்பிளை வைத்துக்கொண்டு. அது ஓடப்போவது எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும் ஒரு ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டரில், பத்து வருஷத்து டேட்டாவோடு. கஸ்டமர் இடத்தில் இருப்பதிலேயே பழைய மெஷின் எது என்று விசாரித்து, அதில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். ஆயிரம் கோடி கும்பிடு!

கனகாவா, கமலாவா?

தமிழில் லிஸ்ட் போட்டால் இன்னொரு தலைவலி உண்டு. அகராதிப்படி கமலா முதலில், கனகா பின்னால். ‘ன’ நம் மெய் வரிசையில் கடைசி அல்லவா? ஆனால் யூனிகோடில் ‘ன’வுக்குக் கொடுத்த எண், ‘ந’வுக்குப் பக்கத்தில், ‘ப’, ‘ம’வுக்கு முன்னால் இருக்கிறது. எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் கனகா முந்திவிடுவார். இங்கிலீஷ் லிஸ்டுக்கு எழுதிய புரோகிராமை அப்படியே தமிழுக்குப் போட்டால் இந்தக் கூத்துதான்.

சரியாக அடுக்குவதற்கான தமிழ் வரிசை விதிகள் தயாராகவே கிடைக்கின்றன. ஆனால் ஒப்பிடும் ஒவ்வொரு தடவையும் அந்த விதியைப் பார்த்தால் நேரம் பிடிக்கும். அதனால் ஒவ்வொரு பெயருக்கும் ‘வரிசைச் சாவி’ ஒன்றை ஒரே தடவை கணக்குப் போட்டு, பெயருக்குப் பக்கத்தில் சேமித்துவிட வேண்டும். பிறகு சாவியை மட்டும் பார்த்து அடுக்கலாம்.

தேடுவதிலும் வம்பு உண்டு. ‘கொரட்டூர்’ என்று அடிக்கிறீர்கள். அந்த ‘கொ’வின் குறியை ஒரே எண்ணாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். கம்ப்யூட்டருக்கோ இரண்டு வேறு வேறு ஊர்! ‘ஸ்ரீ’யும் அப்படித்தான். 2005-ல் யூனிகோடில் புதிதாக ஓர் எழுத்து சேர்ந்த பிறகு, ‘ஸ்ரீ’யை இரண்டு விதமாக எழுத முடிகிறது. கொரட்டூர் கஸ்டமர் லிஸ்டில் இருந்தும் ‘இல்லை’ என்று பதில் வரும். அவர் “நாலு வருஷமா வாங்கறேன், நான் இல்லையா?” என்று சண்டைக்கு வருவார். சேமிக்கும்போதே எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் சண்டை இல்லை. தேடலும் வேகம்.

வோட்டர் லிஸ்ட் சொல்லும் பாடம்

பெரிய லிஸ்டைக் கையாள கம்ப்யூட்டர்காரர்கள்தான் வழி கண்டுபிடித்தார்கள் என்று நினைக்கவேண்டாம். நம் கண்ணெதிரே ஒரு பெரிய லிஸ்ட் இருக்கிறது, வாக்காளர் பட்டியல்.

2024 மக்களவைத் தேர்தலின்போது தமிழ்நாட்டில் சுமார் 6.23 கோடி வாக்காளர்கள். பட்டியலில் ஒரு பக்கத்துக்கு முப்பது கட்டம். எல்லாப் பக்கமும் நிரம்பியிருந்தாலும் இருபது லட்சத்து எழுபதாயிரம் பக்கத்துக்கு மேல் போகும். அதை ஒரே புத்தகமாகக் கட்டி பூத்தில் வைத்தால் பூத்துக்குள் ஆபீசர் உட்கார இடமிருக்காது!

அதனால் என்ன செய்தார்கள்? தொகுதி தொகுதியாகப் பிரித்தார்கள். 2008 மறுசீரமைப்பில் பிறந்து 2011-ல் முதல் தேர்தலைக் கண்ட அம்பத்தூர்த் தொகுதிக்கு எண் 8. தொகுதிக்குள் பாகம் பாகமாக, ஒரு பாகம் ஒரு பூத்துக்கு. ஒரு பூத்துக்கு 1,500 பேர் வரை என்று இருந்த உச்சவரம்பை 1,200 ஆகக் குறைக்க 2025-ல் தேர்தல் ஆணையம் முடிவெடுத்தது. பாகத்துக்குள் வரிசை எண். கையில் பூத் சிலிப் இருந்தால் ஆபீசர் நேராக அந்தப் பக்கத்தைப் புரட்டி, ஸ்கேலை வைத்துக் கோடு போட்டுவிடுவார். அவருக்கு 6.23 கோடி பேரும் தேவையில்லை. உங்கள் பெயர் இருக்கிற ஒரு பக்கம் போதும்.

சிலிப் இல்லாமல் போனவர்கள் என்ன பாடுபடுவார்கள் என்பதும் தெரியும். பூத்துக்கு வெளியே கட்சிக்காரர்கள் மேஜை போட்டு, “தெரு பேர் என்னம்மா?” என்று கேட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டுவார்கள். வெயிலில் நின்று பார்த்துவிட்டு, “இதெல்லாம் நமக்கு ஆகாதுப்பா” என்று ஒரு பெரியவர் வீட்டுக்குத் திரும்பினால், ஒரு வோட்டு போச்சு. பட்டியலில் பெயர் இருக்கிறது. தேடுகிற வழிதான் இல்லை.

வழி இருந்தால் எவ்வளவு வேகம் தெரியுமா? ஒழுங்காக வரிசைப்படுத்திய பட்டியலில் நடுவில் திறந்து, “முன்னாடியா, பின்னாடியா?” என்று பாதி பாதியாகக் கழித்துக்கொண்டே போனால், 6.23 கோடி பெயரில் ஒரு பெயரைக் கண்டுபிடிக்க அதிகபட்சம் 26 கேள்வி போதும். நம் ஸ்டோர்ஸ்காரரின் 50,000 அயிட்டத்துக்கு வெறும் 16! டேட்டாபேஸில் ‘இண்டெக்ஸ்’ போடுங்கள் என்று பெரியவர்கள் சொல்வது இந்த மாதிரிக் குறுக்கு வழிக்காகத்தான்.

மறைத்தால் ஆபத்து

“அப்படின்னா முதல் ஆயிரம் வரியை மட்டும் காட்டிட்டு நிறுத்திட்டா போச்சு” என்று சில புத்திசாலிகள் கிளம்புவார்கள். நிறுத்தலாம். ஆனால் “இன்னும் 49,000 இருக்கு” என்று சொல்லிவிட்டு நிறுத்தவேண்டும்.

சொல்லாமல் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு கதை. கதையல்ல, நிஜம். எக்ஸெல்லின் பழைய ஃபைல் வகையில் 65,536 வரிதான் கொள்ளும். 2007-ல் வந்த எக்ஸெல் அதை 10,48,576 வரியாக உயர்த்திவிட்டது. 2020-ல் கோவிட் சமயத்தில், பரிசோதனை முடிவுகளைச் சேர்க்க அங்கே பொதுச் சுகாதாரத் துறையில் அந்தப் பழைய வகை ஃபைலைப் பயன்படுத்தினார்கள். ஃபைல் நிரம்பியதும் மீதி வரிகள் சத்தமில்லாமல் வெளியே விழுந்துவிட்டன. செப்டம்பர் 25-லிருந்து அக்டோபர் 2 வரை 15,841 தொற்றுகள் கணக்கில் வரவில்லை. நோய் வந்தவர்களுக்கு முடிவு போய்விட்டது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடிப் பிடித்து எச்சரிக்கவேண்டியவர்களுக்குத் தகவல் போகவில்லை. அவர்கள் பாட்டுக்கு வேலைக்கும் வீட்டுக்கும் போய்வந்து கொண்டிருந்தார்கள்.

மெதுவாக வரும் லிஸ்ட் நேரத்தைத் தின்னும். பாதியில் நின்றுபோய், முழுசாக வந்த மாதிரி நடிக்கும் லிஸ்ட் ஆளையே தின்னும்.

உங்களால் செய்ய முடிந்தது

புரோகிராம் எழுதத் தெரியாத ஆபீஸ்காரரா? நீங்களும் சும்மா இருக்கவேண்டியதில்லை:

● லிஸ்டைத் திறந்ததும் எல்லாவற்றையும் காட்டச் சொல்லாதீர்கள். தேதி, பிரிவு, பெயரின் முதல் மூன்றெழுத்து என்று ஏதாவது ஒரு வடிகட்டியைப் போட்ட பிறகு திறக்க முடியுமா என்று பாருங்கள்.

● பழைய வருஷக் கணக்குகளைத் தனி ஃபைலுக்கு மாற்றச் சொல்லுங்கள். முதலில் ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொண்டு!

● ஃபோல்டரில் ஆயிரக்கணக்கான போட்டோ இருந்தால் சின்னப் படங்களாகக் காட்டும் வகையை விட்டு, வெறும் பெயர்ப் பட்டியல் வகைக்கு மாற்றுங்கள். படத்துக்குப் படம் திறந்து பார்க்கும் வேலை மிச்சம்.

● தேடும் பெட்டியில் ஒவ்வோர் எழுத்துக்கும் திக்குகிறதா? நீங்கள் அடித்து முடிக்கும்வரை கால் நொடி காத்திருந்து தேடும்படி மாற்றித் தரச் சொல்லுங்கள். புரோகிராமருக்குச் சின்ன வேலை.

● முக்கியமாக, புகாரை எண்ணோடு சொல்லுங்கள். “ரொம்ப ஸ்லோ சார்” என்றால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். செல்போனில் ஸ்டாப் வாட்சை வைத்து ஒரு வாரம் குறித்துக்கொள்ளுங்கள். “ஒரு தடவைக்கு ஐம்பது செகண்ட், ஒரு நாளைக்கு முப்பது தடவை, வருஷத்துக்குப் பதினைந்து நாள்” என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மேனேஜர் மேஜையில் வையுங்கள்.

அவர் அடுத்த நிமிஷமே சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போன் போடுவார். அந்தப் பக்கம் எடுப்பவர் என்ன சொல்வார் தெரியுமா? “ஒரு நிமிஷம் சார், உங்க பேரைத் தேடறேன்... லிஸ்ட் வந்துகிட்டே இருக்கு!”